'ஆன் ஆகுது, ஆனா...' என்று விற்கும் பழைய கேம் செட்டை வாங்கலாமா?

போன மாதம் அக்கா மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். சேகா சாட்டர்ன் என்ற பழைய டிஸ்க் கேம் செட், 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), யீஷூனில் நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், "ஆன் ஆகிறது, டிஸ்க் சில நேரம் படிக்காது, இருக்கிற நிலையில் விற்கிறேன்." கீழே ஒரே ஒரு கேள்வி: "மாமா, வாங்கலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து விரல் வலித்ததுதான் மிச்சம். சரி, முழுசாகவே எழுதிவிடுகிறேன், அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும்.

சாட்டர்ன் ஜப்பானில் வந்தது 1994 நவம்பரில். முப்பது வருடம் தாண்டிய பொருளில் குறை இல்லாதது என்று ஒன்று கிடையாது. "புதுசு மாதிரி இருக்கு" என்று விற்பவரின் பெட்டியிலும் குறை இருக்கும், அவர் கண்ணில் இன்னும் படவில்லை, அவ்வளவுதான். ஆகவே நான் கேட்பது, என்ன குறை, அதை யார் கையால் சரிசெய்யப் போகிறோம், சரிசெய்த பிறகு மொத்தம் எவ்வளவு வந்து நிற்கும். சிங்கப்பூரில் இந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும், ஏனென்றால் இங்கே பொருள் மலிவு, கைவேலை விலை அதிகம். 50 வெள்ளிப் பெட்டியைத் திறந்து பார்க்கவே 40 வெள்ளி கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன், அவர் கேட்டதில் தப்பும் இல்லை, அவருக்கும் வாடகை இருக்கிறது.

நான் சூடுபட்டது கேம் கியரில். 1990இல் சேகா கொண்டுவந்த கையடக்க செட், கலர் திரை, ஆறு டபுள் ஏ பேட்டரி போட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் ஆறும் காலி. சின்ன வயதில் எதிர் புளோக் பையனிடம் ஒன்று இருந்தது, தொடக்கூட விடமாட்டான். அந்த ஏக்கம் நாற்பது வயதில் வேலை செய்தது. விளம்பரத்தில் "சத்தம் கொஞ்சம் கம்மி" என்று மட்டும் போட்டிருந்தது, 40 வெள்ளி, பேரம் பேசக்கூட இல்லை, அன்றைக்கே போய் வாங்கிவிட்டேன். வீட்டில் பேட்டரி போட்டுப் பார்த்தால் திரை வெளுத்துப் போய் இருக்கிறது. பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் நெகட்டிவ் பிலிம் மாதிரி ஓர் உருவம் ஓடுவது தெரிகிறது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் கொசு பாடுகிற சத்தம்.

கேம் கியரில் இது எல்லாருக்கும் வருகிற வியாதி. உள்ளே முக்கிய போர்டு, சத்தத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றிலும் குட்டி அலுமினிய டப்பா மாதிரி, மின்சாரத்தைத் தேக்கித் தரும் கப்பாசிட்டர்கள். அந்தக் காலத்துக் கப்பாசிட்டர்களின் அடியில் இருக்கும் அடைப்பு நாள்பட நாள்படத் தளர்ந்து, உள்ளே இருக்கும் திரவம் போர்டில் கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும். சோல்டர் முனை பட்டதும் அது காய்ந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், சாட்சாத் கருவாடு. மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

கணக்குக்கு வருவோம். கப்பாசிட்டர் செட் 20 வெள்ளி, சுமாரான சோல்டர் இரும்பு 35, மூலையில் இருக்கும் விசேஷத் திருகுகளைக் கழற்ற 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற திருப்புளி, அப்புறம் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, இரண்டு ராத்திரி. அவசரத்தில் ஒரு கப்பாசிட்டரை முறுக்கி இழுத்ததில் அடியில் இருந்த செம்புத் தட்டும் சேர்ந்து பிய்ந்து வந்தது, அதற்குத் தலைமுடி அளவுக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் சேர்த்து 100 வெள்ளியைத் தாண்டிவிட்டது. அதே வாரம், வேலை முடித்துச் சரியாக ஓடும் கேம் கியர் ஒன்றை ஒருவர் 110க்கு விற்றுக்கொண்டிருந்தார்.

வாங்கத் தகுந்த குறைகள்

சில குறைகள் பார்க்கப் பயமாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. விற்பவர் அதற்காக விலையைக் குறைத்தால் யோசிக்காமல் போங்கள்.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி கேட்கிறது என்பது ஒன்று. சாட்டர்னில் பின்பக்க மூடியைத் திறந்தால் சிஆர்2032 பேட்டரி, கடிகாரத்துக்கும் சேமிப்புக்கும் அதுதான். கடையில் இரண்டு மூன்று வெள்ளி, மாற்ற ஒரு நிமிடம். சேகாவின் அடுத்த செட்டான டிரீம்காஸ்ட் ஒவ்வொரு முறையும் 1998 நவம்பர் 27க்குப் போய் நின்றாலும் இதே கதைதான் (ஜப்பானில் அது வெளிவந்த நாள் அது). ஆனால் அதில் இருப்பது சார்ஜ் ஆகும் பேட்டரி, போர்டிலேயே பற்றவைத்திருக்கும், சாதா பேட்டரியைத் தூக்கி அந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள். டிரீம்காஸ்ட் விளையாட்டு நடுவில் தானாக ரீசெட் ஆகிறது என்றாலும் பெரும்பாலும் மின்பலகைக்கும் முக்கிய போர்டுக்கும் நடுவே இருக்கும் ஊசிகளில் அழுக்கு சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டு, திறந்து, அவற்றைத் துடைத்துப் போட்டாலே எத்தனையோ பெட்டிகள் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

கேசட் போட்டால் வெறும் திரை என்பது அடுத்தது. ஊதாதீர்கள்! எச்சில் ஈரம் பட்டுச் செம்பு இன்னும் கறுக்கும், சின்ன வயதில் நாம் எல்லாரும் ஊதி ஊதித்தான் கெடுத்தோம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் கேசட்டின் கால்களைத் தேய்த்துப் பாருங்கள், குச்சி கரியாகும், கேம் ஓடும். கேம் ஓடுகிறது ஆனால் சேமித்தது மறுநாள் இல்லை என்றால் கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி செத்துவிட்டது. மாற்றலாம், ஆனால் பழைய சேமிப்பு போய்விடும்.

முதல் கேம் பாயில் திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக விட்டுப் போயிருந்தால், திரைக்கு அடியில் இருக்கும் பட்டையை சோல்டர் இரும்பால் மெதுவாகச் சூடேற்றித் தேய்த்தால் பல நேரம் கோடுகள் திரும்பி வரும். பக்கவாட்டில் கோடு விட்டிருந்தால் விட்டுவிடுங்கள், அந்தப் பக்கத்து இணைப்பு அப்படி மசியாது. நிண்டெண்டோ 64இன் ஸ்டிக் ஆடிப்போய்க் கிடந்தால் உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கும், மாற்று ஸ்டிக் கிடைக்கிறது. பெட்டி மஞ்சளாகிவிட்டது என்பதெல்லாம் ஒரு குறையே இல்லை. நிண்டெண்டோவின் சூப்பர் பேமிகாம் மஞ்சளாகாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும், யாரோ பெராக்சைடு பூசி வெளுத்திருப்பார்கள்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வர வேண்டியவை

பேட்டரி உப்பிய பிஎஸ்பியை (சோனியின் கையடக்க செட்) அந்தப் பேட்டரியோடு வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். பேட்டரி இல்லாமல் தருவாரா என்று கேளுங்கள், பின்மூடி வளைந்திருந்தால் அதுகூட வேண்டாம்.

துரு. நம் ஊர் ஈரப்பதம் உங்களுக்குத் தெரியும், இங்கே பழைய செட்டுகள் தூங்குகிற இடமும் தெரியும்: பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பதுங்கறை), சூட்கேஸுக்குப் பின்னால், பத்து வருடம். உள்ளே இருக்கும் தகரக் கவசத்தில் லேசாகத் துருப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. கேசட் போடும் வாயில் பச்சை பூத்திருந்தால், கண்ட்ரோலர் சொருகும் ஊசிகள் பழுப்பாகியிருந்தால், போர்டு எந்த நிலையில் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கையடக்க செட்டுகளில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள், அல்கலைன் கசிந்து நீலப்பச்சைப் பொடி கம்பிச்சுருளில் மட்டும் இருந்தால் வினிகர் வைத்துத் துடைத்துவிடலாம். போர்டு வரை இறங்கியிருந்தால் வேண்டாம்.

பெட்டியை மெதுவாகக் குலுக்கிப் பாருங்கள், மூக்கருகே வைத்து முகர்ந்தும் பாருங்கள். சிரிக்காதீர்கள். மின்பகுதியின் சூட்டுக்குக் கரப்பான்பூச்சி குடும்பத்தோடு குடியேறும். ஒரு பிளேஸ்டேஷன் 2ஐத் திறந்தபோது கறுப்பாக என்னவோ கொட்டியது, மிளகு என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் விட நான் அஞ்சுவது, ஏற்கெனவே யாரோ திறந்து "சரிசெய்ய முயன்ற" பெட்டி. அடியில் திருகுகளின் தலை மழுங்கியிருக்கிறதா, உத்தரவாத ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா, ஒரு திருகு குறைகிறதா? இயற்கையாக வந்த குறையை ஊகிக்கலாம், ஆள் கைவைத்த குறையை ஊகிக்க முடியாது.

டிஸ்க் படிக்காத செட்டுகள் நடுவில் நிற்கின்றன. முதல் பிளேஸ்டேஷனின் ஆரம்ப மாடல்களில் லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் தடம் மின்பகுதியின் சூட்டுக்கு அருகிலேயே இருந்ததால் தேய்ந்து சரியும், அதனால்தான் அந்தக் காலத்தில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடினார்கள். பின்னால் வந்த மாடல்களில் லென்ஸைத் தள்ளி வைத்தார்கள். லென்ஸில் தூசு என்றால் துடைத்தால் போதும், தடத்தில் கிரீஸ் காய்ந்திருந்தாலும் வழி இருக்கிறது. லேசரே களைத்துவிட்டால் மாற்று லேசர் தேட வேண்டும், அல்லது டிஸ்க் டிரைவுக்குப் பதிலாக மெமரி கார்டில் ஓடும் பலகை போட வேண்டும். சாட்டர்னுக்கு பென்ரிர், பிளேஸ்டேஷனுக்கு எக்ஸ்ஸ்டேஷன், டிரீம்காஸ்டுக்கு ஜிடிஎமு என்று இருக்கின்றன, நன்றாகவும் ஓடுகின்றன, ஆனால் அந்தப் பலகைக்குக் கொடுப்பது பல நேரம் பெட்டிக்குக் கொடுத்ததை விட அதிகமாகிவிடும். லேசருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பினால் படிக்கும் என்று வீடியோவில் காட்டுவார்கள். படிக்கும், உண்மைதான். லேசருக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்துச் சாகப்போகிறதை ஓடவிடுகிறீர்கள், சீக்கிரமே முழுசாக நின்றுவிடும். அதை ஒருவர் திருப்பிவிட்டு உங்களுக்கு விற்கவும் வாய்ப்பிருக்கிறது, அதற்குத்தான் அடுத்த சோதனை.

பார்க்கப் போகும்போது

புளோக்குக்குக் கீழே சந்திப்போம் என்பார்கள், அங்கே நமக்குப் பிளக் பாயிண்ட் கிடையாது. கையடக்க செட் என்றால் பேட்டரியும் உங்களிடம் இருக்கும் ஒரு கேசட்டும் எடுத்துப் போங்கள். டிவியில் போடுகிற செட் என்றால் முந்தின நாளே விற்பவரிடம் இரண்டு வீடியோ கேளுங்கள். ஒன்று, ராத்திரி முழுக்க அணைந்திருந்த பெட்டியைக் காலையில் முதன்முதலாக ஆன் செய்வது. இன்னொன்று, அதே பெட்டி இருபது நிமிடம் ஓடிய பிறகு அணைத்து, டிஸ்க் மாற்றி, திரும்ப ஆன் செய்வது. களைத்த லேசரும் கசிந்த கப்பாசிட்டரும் குளிர்ந்திருக்கும்போது ஒரு மாதிரி, சூடானதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும், ஒரே வீடியோவில் இரண்டும் மாட்டாது. நல்ல விற்பனையாளர் அனுப்பிவிடுவார். "டிவி இல்லை, டெஸ்ட் செய்யவில்லை" என்றால் நான் படித்துக்கொள்வது, டெஸ்ட் செய்தார், ஓடவில்லை. ஓடாத பெட்டியின் விலையைத்தான் சொல்லுவேன்.

பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இது ரொம்ப முக்கியம். 100 வோல்ட் என்று போட்டிருந்தால் அது ஜப்பான் பெட்டி, நம் வீட்டில் வருவது 230. அடாப்டர் பிளக்கை மாட்டிச் சொருகினால் ஒரு 'டப்', அவ்வளவுதான். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரின் விலையையும் கணக்கில் சேருங்கள். ஜாலான் புசாரில் சிம் லிம் டவரில் கேட்டால் கிடைக்கும். அது சிம் லிம் ஸ்குவேர் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிற வேறு கட்டடம், கப்பாசிட்டர், பியூஸ், ஒயர் எல்லாம் அங்கேதான், தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். தனி அடாப்டரில் ஓடும் செட்டுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, 230 வோல்ட்டில் ஓடும் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முனையைக் கவனியுங்கள். நிண்டெண்டோவின் பேமிகாம், சூப்பர் பேமிகாம், சேகாவின் மெகா டிரைவ் முதல் மாடல் எல்லாவற்றுக்கும் முனையின் நடுவில் மைனஸ். மெகா டிரைவ் இரண்டாம் மாடலுக்கு நடுவில் பிளஸ். வீட்டில் கிடக்கிற ரவுட்டர் அடாப்டரைச் சொருகிப் பார்ப்பது எத்தனையோ நல்ல பெட்டிகளைக் கொன்றிருக்கிறது.

டிவி. 1983இல் வந்த முதல் பேமிகாமில் ஆன்டெனா ஒயர்தான், அதுவும் ஜப்பான் சேனலுக்கு, நம் டிவியில் அது ஒழுங்காகப் பிடிக்காது. ஆகவே ஏவி வயர் போட மாற்றாத பேமிகாம், அக்கு பிசகாமல் இருந்தாலும், நமக்கு வேலை பாக்கி இருக்கும் பெட்டிதான். மற்ற செட்டுகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் வரும், அதைச் சொருக புது டிவிகளில் ஓட்டையே இல்லை. பத்து வெள்ளிக்கு விற்கும் ஏவி-எச்டிஎம்ஐ டப்பாக்கள் படத்தைக் காட்டும், ஆனால் பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் குதிப்பான். ரெட்ரோடிங்க் மாதிரி நல்ல மாற்றுக் கருவி வேண்டும் என்றால் விலை வேறு. பழைய குழாய் டிவி கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் அது கெட்டால் நீங்களே திறக்காதீர்கள், உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கி நிற்கும். இன்னொன்று, 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 படம்) மெகா டிரைவில் 60க்காகச் செய்த கேமைப் போட்டால் ஏறக்குறைய 17 விழுக்காடு மெதுவாக ஓடும். ஞாபகத்தில் இருந்த பாட்டு இழுத்து இழுத்துப் பாடினால் பெட்டியில் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

காசு கொடுக்கும் முன்

கடையில் வாங்குவதா, தனியாளிடம் வாங்குவதா என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தரும் லெமன் சட்டம் கடைகளில் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும், 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள், பொருளின் வயதையும் பார்த்துத்தான். ஆனால் "டிஸ்க் படிக்காது" என்று சொல்லி விற்றிருந்தால் அந்தக் குறைக்காகப் போய் நிற்க முடியாது. புளோக்குக்குக் கீழே தனியாள் ஒருவரிடம் வாங்குவதற்கு இந்தச் சட்டமே வராது. ஆகவே தனியாளிடம் நான் பேசுகிற விலை, நாளைக்கே செத்துப்போனாலும் "போகட்டும்" என்று சொல்லக்கூடிய விலை. ஜப்பானிலிருந்து வரவழைப்பதானால் தபால் செலவு பெட்டியின் விலையை எட்டும், 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரலாம், ஸ்டெப்-டவுன் வேறு.

கேம் விளையாடத்தான் ஆசை, பெட்டியின் மேல் ஆசை இல்லை என்றால், உண்மையைச் சொல்கிறேன், இந்தப் பக்கமே வராதீர்கள். இப்போது வரும் சின்னக் கையடக்க செட்டுகளில் இதெல்லாம் ஓடும், எம்ஆர்டியில் நின்றுகொண்டே விளையாடலாம். பழைய பெட்டியை வாங்குகிறவனுக்கு மூடியைத் திறந்து பார்ப்பதில் ஒரு கிறுக்கு இருக்க வேண்டும். சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில், 2017 ஜூலையில் அதை மூடும் வரை, வெயிலில் குந்தி உட்கார்ந்து வயர் இல்லாத செட்டுகளைப் புரட்டிப் பார்த்த அங்கிள்களுக்கு அது இருந்தது.

அக்கா மகனிடம் இரண்டு வீடியோ கேட்கச் சொன்னேன். காலையில் எடுத்ததில் டிஸ்க் சுற்றி கேம் வந்துவிட்டது. இருபது நிமிடம் கழித்து எடுத்ததில் சுற்றியது, நின்றது, சுற்றியது, நின்றது. ஸ்டிக்கரில் 100 வோல்ட். அவன் 45 வெள்ளி கேட்டான், விற்பவர் 60 என்றார், இரண்டு கண்ட்ரோலரும் மெமரி கேசட்டும் சேர்த்து 55க்கு முடிந்தது. சனிக்கிழமை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான், திறந்தோம், தடத்தில் கிரீஸ் பழைய மெழுகு மாதிரி கெட்டியாக இருந்தது. துடைத்துப் புது கிரீஸ் தடவி, லென்ஸையும் துடைத்தோம், சிஆர்2032 போட்டோம். இப்போது நாற்பது நிமிடம் வரை தாங்குகிறது. அதற்குப் பிறகு மூடியைத் திறந்து, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பேரும் தே குடிக்கக் கீழே இறங்குகிறோம்.